கண்ணை மூடாமல் மை எழுதுங்கள்

என்னுடையது மடிந்த இமை. கண்ணைத் திறந்தால் மேல் இமைத் தோல் கீழே இறங்கி, இமை முடியின் வேருக்கு மேலே இருக்கிற இடம் முழுவதையும் மூடிவிடும். யூடியூபில் 'ஹூடட் ஐஸ்' என்று தேடினால் வருவது இதுதான். நோயும் இல்லை, குறையும் இல்லை. என் அப்பாவுக்கு இருந்தது, அப்பத்தாவுக்கும் இருந்தது. ஆனாலும் நான் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது யாராவது "என்ன டீச்சர், தூக்கமில்லையா?" என்று கேட்பார்கள். ஒரு தடவை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டைத் திருத்தி வாங்க வந்தவள், மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, "டீச்சர் அழுதீங்களா?" என்று யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள். எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து வந்த நாள் அது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் கண்ணாடி முன்னால் நின்றேன்.

நான் மதுரைக்காரி. மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணுடையவள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிற ஊர். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய நாடக சபைக்குக்கூட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்றுதான் பெயர், மீனலோசனி என்றாலும் அதே மீன்கண்ணாள்தான். அப்படிப்பட்ட ஊரில் சின்னக் கண்ணோடு பரதநாட்டியம் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு எத்தனை பேர் எத்தனை விதமாக ஆலோசனை சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாட்டியத்தில் கண் பேசியாக வேண்டும். பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

என் அரங்கேற்றம் 1998இல், எனக்குப் பதின்மூன்று வயது. மேக்கப் போட வந்தவர் நாடகக் கலைஞர்களுக்கு அரிதாரம் பூசிப் பழகிய பெரியவர். முகத்தில் அப்பிய பான்கேக் மேக்கப் காய்ந்து கன்னம் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் பிரஷ்ஷை மையில் தொட்டுக்கொண்டு வந்ததும் நான் வழக்கம்போல் கண்ணை மூடினேன். அவர் கையை விலக்கிக்கொண்டு, "மூடாத பாப்பா. கண்ணைத் தெறந்து நேரா என் மூக்கப் பாரு. மூடுனா உன் கண்ணு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றார். பிரஷ் கண்ணுக்கு நேரே வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கண்ணீர் முட்டியது. அவர் கடைக்கண்ணிலிருந்து புருவத்தின் வால் இருக்கும் திசையில் மேல்கோட்டை இழுத்தார். கீழ் இமையிலிருந்து அதற்கு இணையாக இன்னொரு கோடு. இரண்டையும் சேர்க்கவில்லை. நடுவில் விட்ட இடைவெளியில் வெள்ளையைத் தொட்டு வைத்தார். அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. கோடுகள் சேர்ந்துவிட்டால் கண் அங்கே முடிந்துவிடும். திறந்தே இருந்தால், வெள்ளை விழி இன்னும் கொஞ்ச தூரம் போகிற மாதிரி தெரியும். மீனின் வால் பிரிகிற மாதிரி.

இதையெல்லாம் அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கவனிக்க எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆனது.

கல்லூரியில் காஜல் பென்சிலை வாங்கி, எல்லாரையும் போலக் கண்ணின் உள்விளிம்பில், மேலும் கீழும் அழுத்தி எழுதிக்கொண்டு போவேன். கண் இன்னும் சின்னதாகத்தான் ஆனது. சின்னதாகத் தெரிகிறதே என்று இன்னும் கொஞ்சம் அழுத்துவேன். 2009இல் கல்யாணம். முகூர்த்தம் ஆறு மணிக்கு, இரண்டரைக்கே எழுப்பி உட்கார வைத்தார்கள். பார்லரிலிருந்து வந்த அக்கா கண்ணை மூடச் சொல்லிவிட்டு நாற்பது நிமிஷம் வேலை செய்தார். மூடிய கண்ணில் அது உண்மையிலேயே அழகாக இருந்தது, செல்போனில் எடுத்துக் காட்டினார், பொன் நிற ஷிம்மர், கனமான கறுப்புக் கோடு, நீளமான ஒட்டு முடி. கண்ணைத் திறந்ததும் அத்தனையும் மடிப்புக்குள் போய்விட்டது. கோடு இருந்த இடமே தெரியவில்லை. இறங்கி நிற்கிற மடிப்பின் மேலே மட்டும் ஷிம்மர் மின்னியது. பளபளப்பு எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடம் முன்னால் வந்து நிற்கும், ஆகையால் ஏற்கெனவே உப்பித் தெரிகிற தோல் இன்னும் உப்பித் தெரிந்தது. ஒட்டு முடியின் கனம் வேறு இமையைக் கீழே இழுத்தது. ஹோமப் புகையில் கண் கலங்கியபோது மை மடிப்பின் மேல்பக்கம் ஒட்டி, இன்னொரு கோடாகப் பதிந்துவிட்டது. ஆல்பத்தில் பாதிப் படத்தில் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கற்றுக்கொண்டது பெரிய இமை உள்ள கண்ணுக்கான முறை.

2017இல் அம்மா வீட்டைக் காலி செய்தபோது அரங்கேற்ற ஆல்பம் கைக்கு வந்தது. நடராஜர் சிலைக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிடுகிற படம் ஒன்று. முதல் தடவையாக அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தேன். மூடிய இமையில் அது நேர்கோடாக இல்லை. கடைக்கண்ணுக்குப் பக்கத்தில், மடிப்பு விழுகிற இடத்தில், படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு இருந்தது, கோடு மேலே ஏறி, கொஞ்சம் உள்ளே திரும்பி, மறுபடி வெளியே போயிருந்தது. கை நடுங்கிக் கோணலாக வரைந்துவிட்டாரோ என்று தோன்றும். அடுத்த பக்கத்தில் அலாரிப்பு ஆடுகிற படம், கண் முழுவதும் திறந்திருக்கிறது. வெட்டைக் காணோம். கத்தியால் கீறிய மாதிரி ஒரே வழுவழுப்பான கோடு, காதை நோக்கிப் போகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியவர் என் இமையில் வரையவில்லை. திறந்த கண்ணில், மடிப்பின் மேலேயே வரைந்திருக்கிறார். மடிப்பு எவ்வளவை விழுங்கும் என்று பார்த்து, அதற்கு ஏற்ற மாதிரி.

இப்போது இதற்கு வௌவால் இறக்கை என்று பெயர் வைத்து வீடியோக்களில் சொல்லித் தருகிறார்கள், மூடிய கண்ணில் பார்க்க அப்படித்தான் இருக்கும். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடி கண் மட்டத்தில் இருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு தாடையைத் தூக்கிக் கீழே பார்த்தீர்கள் என்றால் இமைத் தோல் இழுபட்டு மடிப்பே காணாமல் போகும், அப்புறம் இல்லாத கண்ணுக்கு வரைந்துகொண்டிருப்பீர்கள். ஜன்னலுக்கு எதிரில் உட்காருங்கள், ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்தால் ஒரு கண் நிழலில் போய்விடும். அடுத்தது புருவம். கண்ணாடியைப் பார்த்ததும் நாம் எல்லாரும் நம்மை அறியாமல் புருவத்தைத் தூக்குகிறோம், மேக்கப் போடும்போது வாயைத் திறக்கிற மாதிரி. தூக்கிய புருவத்தோடு வரைந்த கோடு, புருவம் இறங்கியதும் வேறு இடத்தில் நிற்கும். ஒரு மூச்சை விட்டு, நெற்றியைத் தளர்த்தி, எதிரில் இருப்பவரைப் பார்க்கிற மாதிரி நேராகப் பாருங்கள். மடிப்பு எங்கே முடிகிறது, கடைக்கண்ணில் எந்த இடத்தில் முடியைத் தொடுகிறது என்பதை மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருங்கள். எனக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோல இல்லை என்று நான் கண்டுபிடித்ததே அப்போதுதான், வலது மடிப்பு இடதைவிட ஒன்றரை மில்லிமீட்டராவது கூடுதலாக இறங்குகிறது. யாருக்குமே இரண்டு கண் ஒரே அச்சில் இருக்காது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு கோடு போட்டால் வித்தியாசம் கூடத்தான் செய்யும்.

கறுப்பை எடுக்காதீர்கள். பழுப்புப் பென்சிலால், கண் திறந்தபடியே, கீழ் இமையின் முடி வரிசை அப்படியே மேலே போனால் எந்தத் திசையில் போகுமோ அந்தத் திசையில் ஒரு புள்ளி. முதலில் கடைக்கண்ணிலிருந்து 5 மில்லிமீட்டர் தாண்டினால் போதும். அந்தப் புள்ளியிலிருந்து உள்நோக்கி, மடிப்பின் மேலேயே, தோலை இழுக்காமல் ஒரு கோடு. இப்போது கண்ணை மூடுங்கள். கோடு இரண்டாக உடைந்து நிற்கும், மடிப்புக்குள் மறைந்திருந்த இடம் வெறுமையாக இருக்கும், அந்தக் குழியை மட்டும் நிரப்புங்கள். திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் மேலே கறுப்பு ஜெல் லைனரால் ஒரு தடவை. தப்பாகிவிட்டால் முழுவதையும் துடைக்க வேண்டாம், காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி கன்சீலரை, அதாவது கறையை மறைக்கிற தோல் நிறக் களிம்பைத் தொட்டு, கோட்டின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து மேலாகத் துடைத்தால் அது தானாகவே கூராகிவிடும். இந்த ஒரு வேலையைக் கற்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. தினமும் ராத்திரி, தூங்கப் போகிற நேரத்தில், எப்படியும் கழுவத்தானே போகிறோம் என்ற தைரியத்தில் பழகினேன். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகும்போது பழக முயன்றால் ஒரு நாளும் வராது.

மடிப்புக்குள் மை ஒட்டுவது தனிப் பிரச்சினை. மதுரை வெயிலில் பன்னிரண்டு மணிக்கு மேல் எந்தப் பென்சிலும் நம்பிக்கைக்கு உரியது இல்லை. மடிந்த இமையில் தோல் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கும், நடுவில் வியர்வையும் எண்ணெயும். அதனால் எதையும் வரைவதற்கு முன் இமையில் கொஞ்சம் முகப் பவுடரை ஒற்றிக்கொள்வேன். பென்சில் கோட்டின் மேல் அதே நிற ஐஷேடோ பொடியைச் சின்ன பிரஷ்ஷால் அழுத்தி வைப்பேன். பிசுபிசுப்பு போய்விடும். திரவ லைனர் என்றால் வரைந்ததும் அரை நிமிஷம் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும், ஈரத்தோடு கண்ணைத் திறந்தால் மடிப்பின் மேல் அச்சு விழும். என் கல்யாணத்தில் விழுந்த மாதிரி.

அடுத்து நிழல். ஐஷேடோவை எல்லாரும் நிறம் என்று நினைக்கிறோம், எனக்கு அது நிழல்தான். கருமை பின்னால் போகும், வெளிச்சம் முன்னால் வரும், அவ்வளவுதான் சூத்திரம், ஓவியம் வரைகிறவர்கள் செய்வதும் இதுதான். என் கண்ணில் உண்மையான மடிப்புக் குழி உள்ளே ஒளிந்திருக்கிறது, அதில் எவ்வளவு நிறம் பூசினாலும் யாருக்கும் தெரியாது. அதனால் கண் திறந்தபடி, மடிப்புக்கு 3, 4 மில்லிமீட்டர் மேலே, புருவ எலும்புக்குக் கீழே, அங்கே இல்லாத ஒரு குழியை வரைகிறேன். பளபளப்பே இல்லாத மேட் நிறம், என் தோலைவிட இரண்டு படி கருமை. பிரஷ் நுனியால், கார் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் போகிற மாதிரி, முன்னும் பின்னும், அழுத்தாமல். ஓரம் எங்கே தொடங்கியது என்று தெரியக்கூடாது. உப்பிய தோல் அடங்கிப் பின்னால் போன மாதிரி ஆகிவிடும். ஷிம்மர் வேண்டுமா, மூக்குப் பக்க முனையில் ஒரு கடுகளவு, இமை நடுவில் முடி வேரை ஒட்டி ஒரு தொடுதல், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம் நிறத்துக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 'நியூட்' என்று எழுதி விற்கிற பெட்டிகளில் பாதி நிறம் வெள்ளைத் தோலுக்கானது. என் மாநிறத்தில் அது சாம்பல் பூசின மாதிரி உட்காரும், கண் நோயாளிக் கண்ணாகிவிடும். செங்கல் நிறம், காபிப்பொடி நிறம், காய்ந்த மிளகாயின் ஆழ்ந்த சிவப்பு, இவைதான் நம் தோலில் நிழலாகத் தெரியும். என்னைவிடக் கறுத்த தோல் என்றால் கத்தரிக்காய் ஊதா அவ்வளவு அழகாக இருக்கும். விலை அதிகமான பெட்டி வேண்டியதில்லை, மூன்று நிறம் போதும். வாங்கும்போது புறங்கையில் தேய்த்துப் பார்த்தால் சரியாகத் தெரியாது, முழங்கையின் உள்பக்கம் ஒரு கோடு இழுத்துக் கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

காஜலுக்கு வருகிறேன். கண்ணின் உள்விளிம்பில் கறுப்பு எழுதினால் சின்னக் கண் இன்னும் சின்னதாகும், வெள்ளை விழியைச் சுற்றிக் கறுப்பு வேலி போட்ட மாதிரி. நம்பவில்லை என்றால் ஒரு கண்ணுக்கு மட்டும் எழுதிப் படம் எடுத்துப் பாருங்கள். கீழ் உள்விளிம்பில் கறுப்புக்குப் பதில் தோல் நிறப் பென்சில் இழுத்தால் கண் உடனே விரிந்துவிடும், சுத்த வெள்ளைப் பென்சில் வேண்டாம், நம் நிறத்தில் அது சுண்ணாம்பு அடித்த மாதிரி துருத்தும். இதற்காகக் கண்மையே கூடாது என்று சில வீடியோக்களில் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய தமிழில் உண்கண் என்று ஒரு சொல் இருக்கிறது, மை உண்ட கண் என்று பொருள். அத்தனை காலமாக எழுதி வருகிற மையை ஒரே நாளில் விட எனக்கு மனசு வராது. அகலமான கண் உள்ளவர்கள் உள்விளிம்பில் தாராளமாக எழுதலாம், அவர்களுக்கு அது ஆழம் கொடுக்கும். என் மாதிரிக் கண்ணுக்கு மையை இடம் மாற்றினால் போதும். மேல் முடி வேர்களின் இடுக்கில் புள்ளி புள்ளியாக அடைத்துவிட்டு, கீழே கடைக்கண் பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும், முடிக்கு வெளியே எழுதி விரலால் கலைத்துவிடுகிறேன். மை இருக்கிறது, கண்ணும் திறந்திருக்கிறது.

வீட்டு மையைப் பற்றியும் கேட்பார்கள். அம்மா கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை ஊற வைத்துக் காய வைத்து, திரி திரித்து, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, ராத்திரி முழுவதும் படிகிற கரியைச் சுரண்டி எடுத்துத் துளி விளக்கெண்ணெயில் குழைப்பார். அந்த வாசனை எனக்கு இப்போதும் பிடிக்கும். ஆனால் அது உருகி ஓடும், நேர்கோட்டுக்கு ஆகாது. கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள், அதை நான் என் மகள் விஷயத்தில் கேட்டுக்கொண்டேன். சுர்மா என்று பொடியாக விற்பதில் எச்சரிக்கை தேவை. பழைய முறைப்படி அது கலீனா என்கிற ஈயக் கனிமத்தை அரைத்துச் செய்வது, ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பெயர், தயாரிப்பு விவரம் அச்சடிக்காத டப்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

எனக்குக் கல்லூரியில் இரண்டு தடவை கண்கட்டி வந்தது. விடுதியில் ஒரே பென்சிலை நாலு பேர் எழுதிக்கொண்டிருந்தோம். பார்த்த கண் டாக்டர் கண்ணாடியில் என் இமை விளிம்பைக் காட்டினார், முடிக்கு உள்பக்கம் வரிசையாக ஊசிமுனை அளவு புள்ளிகள். அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய், அந்த எண்ணெய் இருந்தால்தான் கண்ணீர் சீக்கிரம் காயாமல் இருக்கும், நீ தினமும் அதன் மேல் மெழுகை அடைத்துக்கொண்டிருக்கிறாய் என்றார். அதிலிருந்து பென்சிலை யாருக்கும் கொடுப்பதில்லை. எழுதுவதற்கு முன் ஒரு தடவை சீவிவிடுகிறேன். மஸ்காராவும் திரவ லைனரும் திறந்து மூன்று மாதம் ஆனால், பாதி இருந்தாலும் குப்பைக்குப் போய்விடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸை முதலில் போட்டுவிட்டு அப்புறம் மை எழுத வேண்டும், கழற்றும்போது லென்ஸ் முதலில், மை பிறகு.

முடியைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் மடிந்த இமைக்கு அது பாதி வேலை. என் இமை முடி நேராகக் கீழே பார்த்து நிற்கும், விழிக்குக் கூரை போட்ட மாதிரி. கர்லரால் வேரில் பத்து நொடி அழுத்தி வளைத்தால் வெளிச்சம் உள்ளே போகிறது, விழியே பளிச்சென்று ஆகிறது. மஸ்காராவுக்கு முன்னால் வளைக்க வேண்டும், பின்னால் வளைத்தால் முடி ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். மஸ்காரா மேல் இமையில் அப்புகிறது என்றால் 'டியூபிங்' வகை ஒன்று இருக்கிறது, வியர்வையில் கரையாது, வெந்நீரில் நனைத்தால் சின்னச் சின்னக் குழாயாகக் கழன்று வந்துவிடும்.

பிறகு மூக்குக் கண்ணாடி. எனக்கு மைனஸ் 5. மைனஸ் லென்ஸ் கண்ணைச் சின்னதாகக் காட்டும், பவர் கூடக் கூட இன்னும் அதிகமாக. கண்ணாடி முகத்தை ஒட்டி இருந்தால் அந்தச் சுருக்கம் கொஞ்சம் குறையும். மூக்கில் சரிந்து நிற்கிற கண்ணாடியைக் கடையில் கொடுத்து இறுக்கிக்கொண்ட அன்றைக்கே என் தோழி, ஏதாவது மாற்றினாயா என்று கேட்டாள். கண்ணாடி போடுகிறவர்கள் எழுதி முடித்ததும் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் முடி வேரில் கோட்டைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்கிறேன். பிளஸ் லென்ஸ் இதற்கு நேர் எதிர், கண்ணைப் பெரிதாக்கும், கூடவே பிசிறையும் பெரிதாக்கும்.

இதைக் கற்றுக்கொண்ட பிறகு சொந்தக்காரர்கள் கல்யாணம், சீமந்தம் என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என் முறை என் கண்ணுக்கு மட்டும்தான் என்று புரிந்தது. சித்தி மகளுக்கு இரண்டு கண்ணும் நெருக்கமாக இருக்கும். நடுவில் இன்னொரு கண் வைக்கிற அளவு இடம் இருந்தால் சராசரி என்பார்கள், அவளுக்கு அது இல்லை. மூக்குப் பக்கம் மையே தொடாமல், வெளிர் நிறம் மட்டும் வைத்து, கருமையையெல்லாம் கடைக்கண் பக்கம் தள்ளினேன். புருவத்தின் மூக்குப் பக்க முடியைக் கொஞ்சம் குறைத்ததும் முகமே அகலமானது. விலகிய கண்ணுக்கு இதைத் திருப்பிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். என் அண்ணிக்குக் கடைக்கண் கீழே சரிந்திருக்கும். அவர் இத்தனை வருஷமாக மையைக் கடைக்கண் முனை வரைக்கும் இழுத்து, சரிவை அடிக்கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணி, முனைக்கு முன்னாடியே நிறுத்திட்டு மேல திரும்பிடுங்க" என்று சொல்லி வரைந்து காட்டினேன். கீழ்ப்பக்கம் கடைசியில் ஒன்றும் எழுதவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நான் சிரிக்கிற மாதிரி இருக்குடி" என்றார். கொரியாவில் இதே சரிவை வேண்டும் என்றே கீழே இழுத்து வரைகிறார்கள், நாய்க்குட்டிக் கண் என்று செல்லமாகச் சொல்வார்களாம். கண் துருத்தித் தெரிகிற நாத்தனாருக்கு இமை முழுவதும் மேட் பழுப்பு, பளபளப்பு அறவே இல்லை. முன்பு அவருக்கு அப்படி இல்லை, இரண்டு வருஷத்தில்தான் கண் முன்னால் வந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னதும் பிரஷ்ஷை வைத்துவிட்டு, முதலில் தைராய்டு பார்த்துவிட்டு வாங்க என்றேன். இருந்தது.

அப்படி இன்னொன்றும் பார்த்தேன். கூட வேலை பார்க்கிற ஒருவருக்குக் காலையில் சரியாக இருக்கிற இமை சாயங்காலம் ஆனால் சரியும். தூக்கிக் காட்ட வழி சொல்லு என்று என்னிடம் கேட்டார். என் இமை காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், பிறவி மடிப்பு அப்படித்தான். களைப்போடு சேர்ந்து சரிகிற இமை நரம்பும் தசையும் சம்பந்தப்பட்டது என்பதால் டாக்டரிடம் போகச் சொன்னேன், இப்போது மாத்திரையில் இருக்கிறார். திடீரென்று ஒரு இமை விழுந்து, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, கடும் தலைவலி இருந்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான். மை எழுத உட்காருகிறவர்கள்தான் தினமும் தங்கள் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 66 ஆகிறது. போன வருஷம் என் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு, "எனக்கும் லேசா எழுதி விடு, கெழவி மாதிரி இல்லாம" என்று உட்கார்ந்தார். வயதான இமையில் தோல் தளர்ந்து சுருக்கம் விழுந்திருக்கும், ஷிம்மர் ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணிக் காட்டும். இறக்கை மாதிரிக் கோடு சுருக்கத்தில் மாட்டி ரம்பம் போல உடையும். அதனால் கறுப்பை விட்டுவிட்டு, பழுப்பு ஐஷேடோவை ஈரப் பிரஷ்ஷில் தொட்டு, மேல் முடி வேரை ஒட்டி மட்டும் ஒற்றி ஒற்றி அடைத்தேன். முடியை வளைத்தேன். புருவத்தில் முடி உதிர்ந்த வால் பக்கத்தை, பழைய இடத்தைவிடக் கொஞ்சம் மேலே நிரப்பினேன். புருவம் மேலே போனால் கண்ணும் மேலே போகும். எட்டு நிமிஷம் ஆகியிருக்கும். அம்மா பிளஸ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன செஞ்ச, ஒண்ணுமே தெரியலையே" என்றார். மண்டபத்தில் ஐந்து பேராவது அவரிடம், இளைத்துவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

ஒன்று விட்டுப்போனது, கழுவுவது. ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் மையோடு படுக்காதீர்கள். சோப்பைப் போட்டுத் தேய்க்கவும் கூடாது, இமைத் தோல் ரொம்ப மெல்லியது, மடிந்த இமையைத் தினமும் இழுத்துத் தேய்த்தால் இன்னும் தளரும். பஞ்சில் மேக்கப் எடுக்கிற எண்ணெயோ, ஒன்றும் இல்லை என்றால் சுத்தமான தேங்காய் எண்ணெயோ தொட்டு, மூடிய கண் மேல் இருபது நொடி வைத்திருங்கள். மை தானாகக் கரையும். அப்புறம் மூக்கிலிருந்து காது பக்கமாக ஒரே இழுப்பு, பஞ்சைத் திருப்பிப் போட்டு இன்னொன்று. வேரில் மிச்சம் இருப்பதைப் பஞ்சுக் குச்சியால் எடுத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டுப் படுங்கள்.